கம்பெனிப் புடவை

பூமிகாவுக்குத் திருப்பிக் கொடுக்க ஜெபா ஒரு வருஷம் எடுத்துக்கொண்டாள். சரியாகச் சொன்னால் ஒரு ஆயுத பூஜையிலிருந்து அடுத்த ஆயுத பூஜை வரை. அந்த ஒரு வருஷத்தில் ஒரு நாள்கூட முகத்தைச் சுளிக்கவில்லை, ஒரு நாள்கூட வேறு ரயிலில் ஏறவில்லை. தினமும் காலை எட்டு ஐம்பதுக்குப் பட்டாபிராம் ஸ்டேஷனில் திருவள்ளூர் லோக்கலைப் பிடித்தாள். லேடீஸ் பெட்டியில் இரண்டாவது கதவுக்குப் பக்கத்தில், எதிரெதிராக இருக்கும் இருக்கைகளில், தன்னோடு சேர்த்து ஏழு பேருக்கு இடம் போட்டாள்.

இடம் போடுவது லேசான வேலை இல்லை. பையை ஒரு மூலையில் வைக்க வேண்டும், தண்ணீர் பாட்டிலை இன்னொரு மூலையில். நடுவில் ரெக்கார்டு நோட்டு, குடை, துப்பட்டா. "ஆளு வருது கா, திருநின்றவூர்ல ஏறும்" என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒருத்தரிடமாவது சொல்ல வேண்டும். "திருநின்றவூர் ஆளுக்கு பட்டாபிராம்லயே எடமா? இன்னா, உங்கப்பன் ஊட்டு ரயிலா?" என்று ஒருத்தராவது கேட்பார்கள். கேட்டால் சிரிக்க வேண்டும். அதையெல்லாம் ஜெபா காலேஜ் முதல் வருஷத்திலிருந்தே செய்தாள்.

திருவள்ளூரில் அவள் படிக்கிற காலேஜில் யார் யாரோடு சேர்வது என்பதை வகுப்பு தீர்மானிப்பதில்லை, வண்டி தீர்மானிக்கிறது. பெரியபாளையம் பஸ்ஸில் வருகிறவர்கள் ஒரு செட்டு. திருத்தணிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஒரு செட்டு. மணவாள நகரிலிருந்து நடந்தே வருகிறவர்கள் ஒரு செட்டு. எதிலும் சேராதவள் மதியம் தண்ணீர்க் குழாய்ப் பக்கத்துத் திண்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். காய்ச்சலில் படுத்தால் அவளுக்கு நோட்ஸ் தர ஆள் இல்லை. ஸ்டேஷன் படிக்கட்டில் பையன்கள் வழிமறித்தால், "ஏய், இன்னாடா?" என்று பின்னாலிருந்து குரல் கொடுக்க ஆள் இல்லை.

ஜெபாவுக்கு ஆட்கள் கிடைத்தார்கள். திருநின்றவூரில் நர்மதா, கல்பனா, இன்னொருத்தி. வேப்பம்பட்டில் பூமிகாவும் அவள் தெருப் பெண்கள் இருவரும். முதல் வருஷம் ஜெபாவின் பிறந்த நாளுக்கு ஓடுகிற ரயிலில் அவள் மடிமேல் வைத்தே கேக் வெட்டினார்கள். கிரீம் காதுக்குள் போய்விட்டது. அன்று முழுக்க அந்தக் காதை அவள் கழுவவில்லை.

செட்டின் தலைவி பூமிகாதான். யாரும் அவளைத் தலைவி என்று சொல்லவில்லை, ஆனால் எந்தக் கடையில் டீ குடிப்பது, எவளோடு பேசக்கூடாது என்பதெல்லாம் அவள் வாயிலிருந்துதான் வரும். அவள் அப்பா ஆதிநாராயணனுக்கு வேப்பம்பட்டுக்கு மேற்கே ஏரிப் பாசனத்தில் நெல் கழனி உண்டு. மாம்பழக் காலத்தில் ஒரு பை நிறையக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுப்பாள். கொடுக்கிற கை அவளுடையது என்பதை யாரும் மறக்காதபடி கொடுப்பாள்.

இரண்டாம் வருஷ ஆயுத பூஜைக்கு, அதாவது லீவுக்கு முந்தின நாள் காலேஜில் வைக்கிற பூஜைக்கு, எல்லோரும் புடவையில் வருவது என்று முடிவாயிற்று. ஜெபாவிடம் புடவை இல்லை. அவள் அம்மா விக்டோரியா, காக்களூரில் பாட்டில் மூடி செய்கிற ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறவள். அந்தக் கம்பெனியில் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பெண்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி புடவை கொடுப்பார்கள். முந்தின வருஷம் கொடுத்தது பச்சை உடம்பு, கடுகு நிறக் கரை. விக்டோரியா அதை ஒரே ஒரு தடவை கட்டி, மடித்து வைத்திருந்தாள். அதைத்தான் மகளுக்குக் கட்டிவிட்டு, மடிப்பு மடிப்பாக ஊக்குக் குத்தி அனுப்பினாள்.

வேப்பம்பட்டில் ஏறிய பூமிகா உட்காரக்கூட இல்லை.

"ஏய், எழுந்து நில்லு, எழுந்து நில்லு. இந்தப் பொடவைய எங்கியோ பாத்துகீறேனே." ஜெபா எழுந்து நின்றாள், பாராட்டு வரும் என்று நினைத்து. "ஆங்! இது கம்பெனி பொடவ டி! எங்க கழனிக்கு நடவுக்கு வர்ற பொம்பளைங்கோ பாதி பேரு இதத்தான் கட்டிக்கினு வருவாங்கோ. சேத்துல எறங்குறதுக்குன்னே எடுத்தா மாரி கீது."

கல்பனா விழுந்து விழுந்து சிரித்தாள். நர்மதா கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். பெட்டியில் பக்கத்தில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெபாவும் சிரித்தாள். அதுதான் பிறகு நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை. தானும் சிரித்தது.

"சரி, ஒக்காரு கம்பெனி" என்றாள் பூமிகா.

அன்றைக்கு ஒட்டிய பேர். லீவு முடிந்த முதல் நாளே "கம்பெனி, எடம் போட்டுட்டியா?" என்று போன் வந்தது. ஒரு வாரத்தில் வகுப்பு முழுக்கக் கம்பெனி. ஒரு மாதத்தில் பெரியபாளையம் பஸ்காரிகளுக்கும் கம்பெனி. ஒரு தடவை வருகைப் பதிவேட்டை வாசித்த மேடம், "ஜெபா வரலையா?" என்று கேட்டபோது, பின் வரிசையில் ஒருத்தி, "கம்பெனி லேட்டா வரும் மேடம், ஓவர்டைம்" என்றாள். மேடமும் சிரித்துவிட்டார்.

வேறு ஒருத்தியாக இருந்தால் சண்டை போட்டிருப்பாள், அல்லது செட்டை விட்டு விலகியிருப்பாள். சண்டை போட்டால் ஆறு பேருக்கு ஒருத்தி. விலகினால் தண்ணீர்க் குழாய்த் திண்டு. இரண்டையும் ஜெபா யோசித்துப் பார்த்து ஒதுக்கினாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அதே பெட்டியில், அதே போல நாலு பேர் திரும்பிப் பார்க்க, பூமிகாவின் முகம் சுருங்க வேண்டும். அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அது நடக்கிறவரை இடம் போடுவதை நிறுத்துவதில்லை என்று முடிவு செய்தாள். எதிரி எங்கே உட்கார வேண்டும் என்பதை இடம் போடுகிறவள்தானே தீர்மானிக்கிறாள்.

மூன்றாம் வருஷம். கடைசி ஆயுத பூஜை என்பதால் செட்டு மொத்தமும் ஒரே மாதிரிப் புடவை எடுப்பது என்று பூமிகா அறிவித்தாள். ஆன்லைனில் பார்த்துப் படத்தை வாட்ஸப் குரூப்பில் போட்டாள். கத்தரிப்பூ கலர், செம்புச் சரிகைக் கரை, உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன மாங்காய். அழகான புடவைதான். ஜெபா தன் பெயரையும் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து ரயிலில் பூமிகா, "சாரி டி கம்பெனி, ஆறு பீஸுதான் இருந்துச்சி. ஸ்டாக்கு முடிஞ்சிபூட்ச்சி" என்றாள்.

"பரவால்ல."

"உனுக்கு இன்னா, உங்கம்மா கம்பெனில இந்த வருசமும் குடுப்பாங்கோ இல்ல? அதக் கட்டிக்கினு வா. கலர்புல்லா இருக்கும்."

அன்று வீட்டுக்குப் போய் ஜெபா அந்த ஆன்லைன் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ஸ்டாக் இருந்தது. ஏழு இல்லை, எழுபது வாங்கலாம். போனை மூடி வைத்துவிட்டுச் சோற்றுக்கு உலை வைத்தாள்.

சாமி கண்ணைத் திறக்கிற நாள் என்று ஒன்று உண்டு என்பார்கள். ஜெபாவுக்கு அது அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. விக்டோரியா வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகப் போனை மகள் கையில் திணித்தாள்.

"போன வருசப் பொடவ மொதோ தண்ணிலயே சாயம் பூடுச்சின்னு முத்தம்மா கத்துனா இல்ல? மேனேஜரு குப்புராஜ் சாரு இந்த வருசம், 'நீங்களே மூணு பேரா பாத்து எடுத்துக்கோங்கமா தாயே, ஆள உடுங்கோ'ன்னுட்டாரு. மூணு பேர்ல நா ஒருத்தி." விக்டோரியாவின் முகத்தில் பெருமை வழிந்தது. "சவுகார்பேட்ட கடக்காரன் போட்டோவா அனுப்பிகீறான். நீ காலேஜு படிக்கற புள்ள, டிரஸ்ஸு விசயம் உனுக்குதான் தெரியும். எது நல்லாகீது, நீயே சொல்டு."

ஜெபா படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். பாதி பார்க்கச் சகிக்கவில்லை. நாற்பத்து மூன்றாவது படத்தில் விரல் நின்றது.

கத்தரிப்பூ கலர். செம்புச் சரிகை. மாங்காய்.

குரூப்பில் இருந்த படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கரையின் அகலம், மாங்காயின் வளைவு, முந்தானைக் குஞ்சம் எல்லாம் ஒன்றே. எங்கேயோ ஒரே மில்லில் லட்சக்கணக்கில் ஓட்டுகிற புடவை. பூமிகா ஆன்லைனில் வாங்கினாள், சவுகார்பேட்டைக்காரன் கட்டாக வாங்கி விற்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

"இதான் மா."

"கத்திரிப்பூவா? கறுப்பா கீறவங்களுக்கு எடுக்குமா டி?"

"சூப்பரா எடுக்கும். கட்டுனா பட்டு மாரியே தெரியும். காலேஜு பொண்ணுங்கோல்லாம் இப்ப இதத்தான் கட்டுறாங்கோ." கடைசி வாக்கியம் பொய் இல்லை என்பதில் ஜெபாவுக்கு ஒரு தனி ருசி.

மறுநாளே விக்டோரியா மற்ற இரண்டு பேரையும் சம்மதிக்க வைத்துவிட்டாள். "என் பொண்ணு செலக்சன்" என்று சொல்லிச் சொல்லியே சம்மதிக்க வைத்தாள். முப்பத்தெட்டுப் புடவைக்கு ஆர்டர் போனது.

அதன்பிறகு ஜெபா செய்ததெல்லாம் இடறல் வரக்கூடிய இடங்களை ஒவ்வொன்றாக அடைத்ததுதான். முதல் இடறல் தையல் கடை. திருநின்றவூர் ஸ்டேஷன் ரோட்டில் தமிழ்செல்வி என்பவளிடம்தான் கம்பெனிப் பெண்கள் பாதிப் பேர் ஜாக்கெட் கொடுப்பார்கள். நர்மதாவும் அங்கேதான் கொடுப்பாள். கடையில் கத்தரிப்பூ ஜாக்கெட் பதினைந்து தொங்குவதைப் பார்த்தால் கதை கந்தல். ஆகவே, "அவ கைக்குழி வெட்டத் தெரியாம வெட்டுவா டி, ஆவடில ஒரு ஆளு கீறாங்கோ, நானே குடுத்து வாங்கியாறேன்" என்று நர்மதாவிடமும் கல்பனாவிடமும் துணியைத் தானே வாங்கிக்கொண்டு போய்த் தைத்து வந்து கொடுத்தாள். ஜாக்கெட் கச்சிதமாக இருந்தது. நர்மதா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் பொடவ எடுக்கலயே ஜெபா, எனுக்கு ஒரு மாரி கீது" என்றாள். ஒரு வருஷத்தில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது நர்மதா ஒருத்திதான். அதையும் ஜெபா மனதில் குறித்துக்கொண்டாள். ஆனாலும் பேசாமல் இருந்துவிட்டாள். வாய் பொத்திச் சிரித்தாலும் சிரிப்பு சிரிப்புதான்.

இரண்டாவது இடறல் ரயில். கம்பெனிப் பெண்கள் ஏழு மணி வண்டியில் போகிறவர்கள். அவர்களுக்கும் லீவுக்கு முந்தின நாள்தான் பூஜை, அன்று மட்டும் பத்து மணிக்குப் போனால் போதும், அப்போதும் ஆளுக்கு ஒரு வண்டியில் போவார்கள்.

"மா, பூஜ அன்னிக்கி எல்லாரும் எட்டம்பது வண்டில வாங்களேன். லேடீஸ்ல ரெண்டாவது கதவு. ஒரே பொடவைல ஒண்ணா போனா எப்டி இருக்கும்? நானும் உன் கூடவே வரேன்."

விக்டோரியா அரிசி களைந்த கையோடு திரும்பிப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் மகள் அவளோடு சேர்ந்து ரயில் ஏறியதே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆவடி சர்ச்சுக்குப் போகும்போதுகூட ஒரு பெட்டி தள்ளித்தான் ஏறுவாள்.

"என் கூடவா?"

"ஆமா."

"அப்ப நா எல்லாருக்கும் போன் பண்ணி சொல்றேன்" என்று விக்டோரியா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனைத் தேடப் போனாள்.

பூஜை நாள். பட்டாபிராம் பிளாட்பாரத்தில் வண்டி வந்து நின்றபோது லேடீஸ் பெட்டி வாசலிலேயே கத்தரிப்பூ தெரிந்தது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் ஏறியவர்கள் இருபத்தெட்டுப் பேர். பட்டாபிராமில் பத்துப் பேர். தலையில் மல்லிகையும் கனகாம்பரமும், கையில் பூஜைக்கு எலுமிச்சம்பழம், பொட்டலம் பொட்டலமாகப் பொரி. பெட்டி முழுக்க மல்லிகையும் புதுத்துணி வாசமும்.

"விக்டோரியா, உன் பொண்ணு இதானா? இன்னா செலக்சன் மா உன்னுது! என் மருமவ கேக்குறா, அத்த, எங்க வாங்குனன்னு. பதினாறு வருசத்துல இப்பதான் மா ஒரு நல்ல பொடவையக் கட்டிகீறோம்." சொன்னவள் முத்தம்மாள். ஐம்பது வயது, பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த குரல். ஜெபாவின் கன்னத்தைக் கிள்ளி அந்தக் கையை உதட்டில் ஒற்றிக்கொண்டாள்.

ஜெபா மாத்திரம் பழைய மஞ்சள் சுடிதாரில் இருந்தாள். சாப்பாட்டு டப்பாவை அம்மாவின் பையில் போட்டுவிட்டு, பை, பாட்டில், ரெக்கார்டு நோட்டு, குடை, துப்பட்டாவை வரிசையாக இருக்கைகளில் பரப்பினாள்.

"யாருக்கு கண்ணு எடம்?"

"ஃப்ரெண்ட்ஸுங்கோ கா. திருநின்றவூர், வேப்பம்பட்டுல ஏறுவாங்கோ."

"சரி சரி, படிக்கற புள்ளைங்கோ, ஒக்காரட்டும்" என்று முத்தம்மாள் முட்டியைத் தேய்த்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றாள். அவளுக்கு முட்டி வலி என்பது ஜெபாவுக்குத் தெரியும், அம்மா சொல்லியிருக்கிறாள். துப்பட்டாவை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

திருநின்றவூரில் நர்மதா, கல்பனா, இன்னொருத்தி மூவரும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். ஏறியதும் சிரிப்பு அப்படியே நின்றது. பெட்டி அவர்களைப் பார்த்தது, அவர்கள் பெட்டியைப் பார்த்தார்கள்.

"அடடே!" என்றாள் முத்தம்மாள். "நீங்களும் நம்ம கம்பெனியா? எந்த செக்சன் மா? நா பாத்ததே இல்லியே!"

பெட்டி குலுங்கிச் சிரித்தது. நர்மதாவின் முகம் சிவந்தது, ஆனால் அவளும் சிரித்துவிட்டாள். "இல்ல கா, காலேஜு" என்று வந்து உட்கார்ந்தாள். கல்பனா உட்கார்ந்து மொபைலை எடுத்து, எதையும் பார்க்காமல் அதையே பார்த்தாள். பிறகு ஜெபாவைப் பார்த்தாள். அவளுக்குப் புரியத் தொடங்கிவிட்டது.

அடுத்து வேப்பம்பட்டு. வண்டி வேகம் குறையக் குறைய ஜெபா ஜன்னலில் தலையைச் சாய்த்துப் பிளாட்பாரத்தைப் பார்த்தாள். கத்தரிப்பூ நிறத்தில் மூன்று பேர். நடுவில் பூமிகா, தலை நிறைய ஜாதிமல்லி, கையில் போனை உயர்த்திப் பிடித்துத் தன்னைத்தானே படம் எடுத்தபடி. "ஹாய், நாங்க இப்ப எங்க செட்டப் பாக்கப் போறோம்" என்று போனிடம் பேசிக்கொண்டே ஏறினாள்.

போனின் திரையில் அவள் முகத்துக்குப் பின்னால் முப்பத்தெட்டுப் பேர் வந்துவிட்டார்கள்.

"ஏறு ஏறு, சீக்கிரம் ஏறு. லேட்டா வந்தா அரை நாள் சம்பளம் கட்டு" என்று முத்தம்மாள் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

பூமிகா போனை இறக்கினாள். ஒரு புடவையைப் பார்த்தாள், அடுத்த புடவையைப் பார்த்தாள், குனிந்து தன் புடவையைப் பார்த்தாள். முகம் சுருங்கியது. உதடு முதலில், பிறகு மூக்கு, பிறகு கண். ஜெபா ஒரு வருஷம் காத்திருந்தது அதற்குத்தான். ஒன்றுவிடாமல் பார்த்தாள்.

"வா பூமிகா" என்றாள் ஜெபா, துப்பட்டாவை எடுத்து மடித்தபடி. "எடம் போட்டு வெச்சிகீறேன். ஒக்காரு, கம்பெனி."

முதலில் சிரித்தது கல்பனா. அடக்கப் பார்த்து முடியாமல், களுக்கென்று. பூமிகாவின் தெருப் பெண்களில் ஒருத்தியும் சிரித்தாள்.

"இன்னாடி சிரிப்பு?" பூமிகாவின் குரல் உடைந்தது. "இதுங்களும் நானும் ஒரே பொடவையா? இதக் கட்டிக்கினு நா காலேஜுக்கு வரணுமா? எங்க கழனில களை புடுங்குறதுங்கல்லாம் கட்டிக்கினு நிக்குது!"

பெட்டி முழுக்க அவள் பக்கம் திரும்பியது.

"இன்னா சொன்ன?" முத்தம்மாள் கம்பியை விட்டாள். "இதுங்களா? ஏம்மா, நாங்கோ இன்னா ஆடா, மாடா?"

"நா உங்கள சொல்லல."

"வேற யார சொன்ன, என்ஜின் டிரைவரயா? நீ ஆதிநாராயணன் பொண்ணுதான? மூக்கப் பாத்தாலே தெரிது. கம்பெனிக்கு வர்றதுக்கு முன்ன நாலு போகம் நா உங்க கழனில நாத்து நட்டுகீறேன். உங்கப்பன் வரப்பு மேல கொட புடிச்சிக்கினு நிப்பான், கால்ல ஒரு பொட்டு சேறு படாது. நீ அப்ப ஜட்டி கூட போடாம மூக்கு ஒழுவ வரப்புல ஓடுவ. நாங்கதான் தூக்கி ஓரமா வுடுவோம்."

பெட்டி வெடித்துச் சிரித்தது. யாரோ விசில் அடித்தார்கள். "நல்லா கேளு மா" என்றது ஒரு குரல். "தின்ற சோறு எங்க கை நட்டதுடி" என்றது இன்னொரு குரல். ஜெபா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. நினைத்ததைவிட நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

பூமிகா முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் திரண்டிருந்தது, ஆனால் அவள் முட்டாள் இல்லை. பெட்டியை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஜெபாவுக்குப் பின்னால் நின்ற விக்டோரியாவைப் பார்த்தாள். முகச் சாயல் ஒன்று.

"என்ன ஏன் கா கேக்குறீங்க? இவள கேளுங்கோ" என்றாள். "நாங்க ஆறு பேரு எடுத்த பொடவ இது. போட்டோ ஒரு மாசமா இவ போன்ல கீது. என்ன அசிங்கப்படுத்தணும்னே இத உங்களுக்குக் கட்டிவுட்டுகீறா. நீங்கோ கட்டுனா எனுக்கு அசிங்கம்னு எனுக்கு முன்னாடி இவளுக்குத்தான் தெரியும். கேளுங்கோ."

வண்டி செவ்வாப்பேட்டை ரோடில் நின்றது. பூமிகா இறங்கிவிட்டாள். எதிர்ப் பிளாட்பாரத்தைப் பார்த்து அவள் வேகமாக நடந்து போனதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் ஜெபாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாப்பேட்டையிலிருந்து புட்லூருக்கு நாலு நிமிஷம். கம்பெனிப் பெண்கள் இறங்குகிற ஸ்டேஷன் அது. நாலு நிமிஷத்துக்கு ஜெபா எந்த ஏற்பாடும் செய்து வைத்திருக்கவில்லை.

"நெஜமா டி?" என்றாள் விக்டோரியா.

பொய் சொல்லலாம். கடைக்காரன் அனுப்பிய படம்தானே என்று சொல்லலாம். ஆனால் கிடைத்த வெற்றியைத் தன்னுடையது இல்லை என்று சொல்ல அவள் நாக்கு எழவில்லை.

"ஆமா. ஒரு வருசமா என்ன கம்பெனி கம்பெனின்னு கூப்டா மா. உன் பச்சப் பொடவையக் கட்டிக்கினு போனதுக்கு. எல்லாரும் சிரிச்சாங்கோ."

"கூப்டா இன்னா?"

"இன்னாவா?"

"நா கம்பெனிதான? இதோ முத்தம்மா கம்பெனிதான?" விக்டோரியா குரலை உயர்த்தவில்லை. "முப்பத்தெட்டு ஊட்ல போயி சொன்னேன் டி, என் பொண்ணு பாத்துப் பாத்து எடுத்ததுன்னு."

"உடு விக்டோரியா" என்றாள் ஒருத்தி. "அந்தப் பொண்ணு மூஞ்சி போன போக்குக்கு இன்னா வேணா பண்லாம்."

"நீ உடுவ. நாங்கோ இன்னா இவளுக்கு சோளக்கொல்ல பொம்மையா, எவளயோ பயமுறுத்த நிக்க வெக்க?" என்றாள் இன்னொருத்தி. தோளிலிருந்த புது முந்தானையை, யாரோ எச்சில் கையால் தொட்டதைப் போலத் தட்டிவிட்டாள்.

முத்தம்மாள் ஜெபாவை மேலும் கீழும் பார்த்தாள். "முட்டி வலியோட நின்னுக்கினு வந்தேன் கண்ணு. அந்த எடம் கூட அதுக்குத்தானா?"

புட்லூர் வந்தது. முப்பத்தெட்டுப் பேரும் இறங்கினார்கள். யாரும் கன்னத்தைக் கிள்ளவில்லை. விக்டோரியா கடைசியாக இறங்கினாள், திரும்பிப் பார்க்காமல்.

பெட்டி காலியாகிவிட்டது. ஜெபாவைத் தவிர செட்டில் ஐந்து பேர் மிச்சம், ஐந்து பேரும் கத்தரிப்பூ. பூமிகா எப்போதும் உட்காருகிற ஜன்னல் ஓரம் காலியாக இருந்தது. நர்மதா தன் பையை நகர்த்தினாள். "ஒக்காரு ஜெபா."

உட்கார்ந்தாள். காற்று நன்றாக வந்தது. பிறகு கல்பனா மெதுவாகக் கேட்டாள்: "ஜெபா... எங்க மேலயும் இந்த மாரி எதுனா வெச்சிகீறியா?"

ஜெபா அவர்களை வரிசையாகப் பார்த்தாள். கல்பனா, விழுந்து விழுந்து சிரித்தவள். ஓவர்டைம் என்று சொன்னவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டிய, திருநின்றவூரிலிருந்து வரும் மூன்றாமவள். வேப்பம்பட்டுப் பெண்கள் இருவர், ஸ்டாக் இருப்பது தெரிந்தும் வாய் திறக்காதவர்கள்.

"இப்ப ஒண்ணும் இல்ல" என்றாள்.

அந்த 'இப்ப' நால்வர் முகத்திலும் வேலை செய்தது. அன்று காலேஜில் அவளை யாரும் கம்பெனி என்று கூப்பிடவில்லை. நடக்கும்போது அவளுக்கு வழி விட்டார்கள். பூஜையில் முதல் தட்டுச் சுண்டல் அவளுக்கு வந்தது. அவள் கேட்ட இடம் கிடைத்துவிட்டது. அதில் உட்கார்ந்திருக்கிறவளிடம் மட்டும் யாரும் சிரித்துப் பேசவில்லை.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் டப்பா ஞாபகம் வந்தது. அது அம்மாவின் பையிலேயே போய்விட்டது. பதினோரு வருஷத்தில் விக்டோரியா மகளுக்குச் சோறு கொடுக்க மறந்த நாள் கிடையாது. மறந்தாளா என்று ஜெபா யோசித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அம்மாவின் நம்பர், முத்தம்மாளின் குரல்.

"எலுமிச்ச சோறும் உருளக்கெழங்கும் நல்லாகீது கண்ணு."

"அக்கா?"

"உன் டப்பாதான். பூஜ முடிஞ்சதும் உங்கம்மா தொறந்து, ஆளுக்கு ஒரு வாய் குடுத்துக்கினு வரா. முப்பத்தெட்டு பேருக்கு ஒரு டப்பா! ஒரு ஆளுக்கு ஆறு பருக்க வருது. 'என் பொண்ணு குடுத்துச்சி, துன்னுங்கோ, துன்னுங்கோ'ன்னு வாயில திணிக்கிறா. சிரிக்கவும் மாட்றா, அழுவவும் மாட்றா. எங்களுக்கு பேஜாரா கீது." பின்னால் ஒரே கூச்சலும் சிரிப்புமாக இருந்தது. "ரெண்டு மணிக்கு உடுறாங்கோ. எல்லாரும் புட்லூர் டேசன்ல நிப்போம். வந்து நேருக்கு நேரா பேசு. வரியா, இல்ல அந்தப் பொண்ணுங்கோ கூடவே பூடுவியா?"

"அம்மாவ குடுங்களேன்."

"அவ பேச மாட்டாளாம்."

பின்னால் அம்மாவின் குரல் கேட்கிறதா என்று ஜெபா போனைக் காதில் அழுத்திப் பார்த்தாள். கூடவே, அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை என்று ஒரு பெருமையும் வந்தது. இந்தக் குணம் தனக்கு எங்கிருந்து வந்தது என்று இனிமேல் யாரும் கேட்க வேண்டியதில்லை.

"வரேன் கா" என்றாள்.

போனை வைத்துவிட்டு, யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று வழக்கம்போல வரிசை போட்டாள். முதலில் முத்தம்மாள், அந்த முட்டிக்காக. அடுத்து முந்தானையைத் தட்டிவிட்ட அக்கா. பிறகு மற்றவர்கள், ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து. அம்மா கடைசியில், எவ்வளவு நேரம் ஆனாலும். பூமிகாவுக்கு அந்த வரிசையில் இடம் இல்லை. அவளிடம் சொல்ல ஜெபாவிடம் ஒரு வார்த்தையும் இல்லை, நாளைக்கும் இருக்காது.

நர்மதா எதிரில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாக்குற?" என்றாள் ஜெபா. "பசிக்குது. அந்த மூடில கொஞ்சம் வெச்சி இப்டி தள்ளு."